ஐந்தொகையில் ஏறாத செலவு

(தமிழ் நாவல்களும் இயற்கையும் என்னும் பொருள் பற்றிக் காரைக்குடியில் ஆற்றிய சொற்பொழிவு)



கம்பன் பெயரால் தமிழ் வளர்த்த இந்தக் காரைக்குடியில் எந்த இலக்கியப் பேச்சையும் கம்பனிடமிருந்து தொடங்குவதே முறை. இராமனுடைய கதையைச் சொல்லப் புகுந்த அந்த மகாகவி, கதாநாயகனை உடனே நம் கண்முன் கொண்டுவந்து நிறுத்திவிடவில்லை. பாயிரம் முடிந்த கையோடு அவன் பாடுவது ஆற்றுப் படலம். மேகம் எழுந்து, மழை பொழிந்து, மலையிலிருந்து வெள்ளம் இறங்கி, சரயு நதி கரைபுரண்டு வருகிறது. அதன் பின்னர் நாட்டுப் படலம். அதன் பின்னர் நகரப் படலம். அதற்கும் பின்னரே அரசியற் படலம். முதலில் நீர், பிறகு நிலம், பிறகு ஊர், பிறகே மனிதன்! இந்த வரிசையைக் கம்பன் காரணமின்றியா வைத்தான்? நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்த தொல்காப்பியரின் வழியில் வந்தவன் அவன். நல்ல நிலம் தன் இயல்பு கெட்டால் பாலையாகிவிடும் என்று எச்சரித்த இளங்கோவடிகளின் காவியத்தைப் பெற்ற மொழியில் பாடியவன் அவன். மனிதனுடைய கதைக்கு மண்ணும் நீரும் வெறும் திரைச்சீலை என்று நம் முன்னோர் ஒருகாலும் எண்ணியதில்லை.

அந்த மரபு நம் காலத்து நாவல்களில் என்ன ஆயிற்று? ஆறு வற்றியபோதும், காடு அழிந்தபோதும், கண்மாய் தூர்ந்தபோதும் நம் நாவலாசிரியர்கள் என்ன எழுதினார்கள்? அவர்கள் எழுதியதில் இந்தச் செட்டிநாட்டுக்கென்று ஏதேனும் சேதி இருக்கிறதா? இவையே இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம்.

அன்பர்களே, இது கணக்குத் தெரிந்த பூமி. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கடை வைத்து, பேரேட்டில் வரவும் பற்றும் எழுதி, ஐந்தொகை எடுத்து, ஒரு சல்லியும் பிசகாமல் கணக்கு முடித்த முன்னோர்களின் வழிவந்தவர்கள் இந்த அவையில் நிறைந்திருக்கிறீர்கள். உங்களிடம் நான் ஒன்று கேட்கிறேன். ஒரு தோப்பு வெட்டப்படும்போது மரத்தின் விலை வரவில் ஏறுகிறது. வெட்டுக்கூலி செலவில் ஏறுகிறது. அந்தத் தோப்பின் நிழலில் ஆடு மேய்த்த கிழவனின் நஷ்டம் எந்த ஏட்டில் ஏறுகிறது? அதன் கிளையில் கூடு கட்டிய பறவையின் நஷ்டம் எந்த ஏட்டில் ஏறுகிறது? எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. விஞ்ஞானி மழையளவைச் சொல்வார், அதிகாரி பரப்பளவைச் சொல்வார், இரண்டும் அவசியமானவையே. ஆயினும் ஒரு குடும்பத்தின் அடுப்படியில், ஒரு தாயின் மனத்தில், ஓர் ஊரின் உறவுமுறையில் அந்த அழிவு எவ்வளவு என்று எழுதிவைக்கிறவன் நாவலாசிரியன் ஒருவனே. ஐந்தொகையில் ஏறாத செலவை எழுதும் கணக்கப்பிள்ளை அவன் என்று சொன்னால் மிகையாகாது.

இதற்கு முதல் உதாரணமாக சா. கந்தசாமி எழுதிய 'சாயாவனம்' என்னும் நாவலை எடுத்துக்கொள்கிறேன். 1940-ல் மாயவரத்தில் பிறந்து, 2020-ல் மறைந்த அவர், தம் இருபதுகளின் நடுவில், 1960-களில், இதை எழுதினார். சுற்றுச்சூழல் என்ற சொல் தமிழ்ப் பத்திரிகைகளில் அதிகம் புழங்காத காலம் அது. உலக நாடுகள் சுற்றுச்சூழலைப் பற்றிப் பேச ஸ்டாக்ஹோமில் கூடியது 1972-ல். அதற்கு முன்பே காவிரிக்கரையின் ஓர் இளைஞர் ஒரு வனத்தின் மரணத்தை எழுதி முடித்துவிட்டார்.

சாயாவனம் எங்கே இருக்கிறது தெரியுமா? பூம்புகாருக்கு அருகே திருச்சாய்க்காடு என்று தேவாரம் பெற்ற ஸ்தலம் இருக்கிறதே, அதன் இன்னொரு பெயரே சாயாவனம். நகரத்தார் சமூகம் தன் பூர்விகம் என்று மரபாகப் போற்றிவரும் காவிரிப்பூம்பட்டினத்துப் பிரதேசம் அது. நாவலின் நாயகன் சிதம்பரமும் உங்களுக்கு அந்நியன் அல்லன். கடல்கடந்து போய், பாடுபட்டுப் பொருளீட்டி, தாய் பிறந்த ஊருக்குத் திரும்பிவந்து, அங்கே ஒரு தொழில் தொடங்க வேண்டும் என்று மனக்கோட்டை கட்டுகிறவன். காடாக மண்டிக்கிடந்த ஒரு பெருந்தோட்டத்தை வாங்கி, அதை அழித்து, கரும்பு ஆலை ஒன்றை நிறுவ முனைகிறான். ஊர்ப் பெரியவர் சிவனாண்டித் தேவர் அவனுக்குத் துணை நிற்கிறார்.

சிதம்பரம் கெட்டவனா? இல்லை. சோம்பேறியா? இல்லவே இல்லை. காலையில் எல்லோருக்கும் முன்னே எழுந்து, தானே அரிவாளை எடுத்துக்கொண்டு புதருக்குள் இறங்குகிறான். கொடிகள் அவன் கால்களைப் பின்னுகின்றன. முட்கள் உடம்பைக் கிழிக்கின்றன. வெட்ட வெட்ட வனம் விட்டுக்கொடுக்க மறுக்கிறது. மனிதனுக்கும் விருட்சங்களுக்கும் இடையே நிகழும் அந்த யுத்தத்தை ஆசிரியர் பக்கம் பக்கமாக, ஒரு கண்ணீர்த்துளியும் தாம் சிந்தாமல், கண்ட சாட்சியைப்போலச் சொல்லிக்கொண்டே போகிறார். முடிவில் அவன் தீயை ஏவுகிறான். பறவைகளும் பிராணிகளும் பதறிச் சிதற, பச்சை மரங்கள் பற்றி எரிகின்றன. பிறகு ஆலை எழும்புகிறது, கரும்பு அரைபடுகிறது, அவன் நினைத்ததைச் சாதித்துவிடுகிறான்.

ஆனால் அந்தத் தோட்டத்துப் புளிய மரங்களிலிருந்துதான் ஊராருக்கு வருஷத்துக்கு வேண்டிய புளி வந்துகொண்டிருந்தது. மரங்கள் போனபிறகு சிதம்பரம் வெளியூரிலிருந்து புளி வருவித்துக் கொடுக்கிறான். அது ஊராரின் நாக்குக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நல்ல புளியாக அனுப்பிவைக்கிறேன் என்கிறான் அவன். எல்லாவற்றையும் எரித்துவிட்ட பிறகு எங்கிருந்து அனுப்பப்போகிறாய் என்று ஒரு மூதாட்டி கேட்டுவிடுகிறாள். நாவல் அங்கே முடிகிறது. ஒரு காடு அழிந்ததன் நஷ்டத்தை ஆசிரியர் எதைக்கொண்டு அளந்தார் பாருங்கள்! ஏக்கர் கணக்கால் அளக்கவில்லை. குழம்பில் கரைக்கும் ஓர் உருண்டைப் புளியால் அளந்தார்.

'சாயாவன'த்துக்கு ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்கு முன்னர், 1939-ல், வங்காளத்தில் விபூதிபூஷண் பந்தோபாத்யாய 'ஆரண்யக்' என்னும் நாவலை எழுதினார். அதிலும் காட்டை நேசிக்கிற ஓர் உத்தியோகஸ்தனே, தன் கடமையின் பொருட்டு அந்தக் காட்டைக் குடியானவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்து அழித்துவிட்டு, பின்னர் ஆயுள் முழுதும் அதை எண்ணி வருந்துகிறான். காடு அழிவது பெரும்பாலும் கொடியவர்களால் அன்று. உழைப்பாளிகளால், கடமை தவறாதவர்களால், ஊரார் மெச்சும்படி வாழ்கிறவர்களால். இந்த உண்மையைச் சொல்லத் துணிந்தமையே இந்நாவல்களின் மேன்மை.

இந்த இடத்தில், செட்டிநாட்டுப் பெரியோர்களே, உரிமையோடு ஒன்று சொல்ல விரும்புகிறேன். நம் வீடுகளின் முகப்பிலும் வளவிலும் நிற்கின்றனவே கருமை மின்னும் தேக்குத் தூண்கள், அவை பர்மாவின் காடுகளிலிருந்து கப்பலேறி வந்தவை. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தபின் ஐரோப்பியச் சந்தை அரிசிக்கு அகலத் திறந்தது. ஐராவதி நதியின் கழிமுகத்தில் காடாகவும் சதுப்பாகவும் கிடந்த பல லட்சம் ஏக்கர் நிலம் நெல்வயலாக மாறியது. அந்த மாற்றத்துக்குக் கடன் கொடுத்த பெருமூலதனம் இந்த மண்ணின் மைந்தர்களுடையது. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அந்தப் பணத்தால் இங்கே கோயில்கள் புதுப்பிக்கப்பட்டன, பள்ளிகளும் பாடசாலைகளும் எழுந்தன, தமிழ் வாழ்ந்தது. ஆயினும் அந்தத் தூண்களில் சாய்ந்துகொண்டு 'சாயாவனம்' படிக்கிறவனுக்கு, சிதம்பரம் வேறெங்கோ உள்ள ஒருவனாகத் தோன்ற முடியுமா?

அடுத்து, சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'. 1966-ல் நூலாக வந்த இந்த நாவலில், நாகர்கோவிலை நினைவூட்டும் ஒரு நகரத்தின் நாற்சந்தியில் நிற்கும் புளியமரமே மூலஸ்தானத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் அதைச் சூழ்ந்திருந்த குளம் தூர்க்கப்படுகிறது, காற்றாடி மரத்தோப்பு வெட்டப்பட்டு, அங்கே பூங்கா வருகிறது, கடைகள் வருகின்றன, வியாபாரப் போட்டி வருகிறது, தேர்தல் வருகிறது. யாரையும் ஒன்றும் கேட்காமல் நின்ற அந்த மரம், மனிதர்களின் சண்டையில் ஒரு பகடைக்காயாகி, கடைசியில் நஞ்சூட்டப்பட்டுப் பட்டுப்போகிறது. வனத்தை அழிக்க ஒரு தீ வேண்டியிருந்தது. ஒற்றை மரத்தை அழிக்க ஒரு பொறாமை போதுமாயிருந்தது.

காடும் மரமும் இவ்வாறிருக்க, மலைக்கும் கடலுக்கும் போனவர் ஒரு பெண்மணி. ராஜம் கிருஷ்ணன் தாம் எழுதப்போகும் மக்களிடையே நேரில் சென்று, கேட்டு, பார்த்து, பிறகே பேனாவை எடுத்தவர். நீலகிரிப் படகர்களின் வாழ்வையும், தேயிலையும் பணப்பயிரும் வந்து அந்த மலையின் முகமே மாறிப்போனதையும் 1963-ல் 'குறிஞ்சித்தே'னில் எழுதினார். விசைப்படகுகள் வந்தபின் கடலோடு கடலாய் வாழ்ந்தவர்கள் பட்ட பாட்டை 'அலைவாய்க்கரையில்' எழுதினார். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரின் எரிகிற பாதங்களைக் 'கரிப்பு மணிக'ளில் எழுதினார். இயற்கையின் துயரமும் உழைப்பாளியின் துயரமும் வேறு வேறல்ல என்று நிலைநாட்டிய பெருமை அவருக்கு உண்டு. அதே தடத்தில், சிறுமுகைச் செயற்கை இழை ஆலையால் பவானி நதி நஞ்சான வரலாற்றை நம் நாளில் இரா. முருகவேள் 'முகிலினி' நாவலாக்கினார்.

இனி நம் தண்ணீருக்கு வருகிறேன். இந்தச் சிவகங்கை மாவட்டத்தில் திருப்புவனமும் மானாமதுரையும் வையைக் கரையில் இருக்கின்றன. வைகை அணை 1959-ல் திறக்கப்பட்டபோது மதுரைச் சீமையும் சிவகங்கைச் சீமையும் இராமநாதபுரச் சீமையும் மகிழ்ந்தன. மகிழ்ந்ததில் தவறில்லை. ஆனால் அந்த அணையின் நீர்ப்பரப்புக்குக் கீழே சில ஊர்கள் கிடக்கின்றன. அந்த ஊர்களில் ஒன்றின் கதையைத்தான் கவிஞர் வைரமுத்து 'கள்ளிக்காட்டு இதிகாச'மாக எழுதினார். 2003-ல் அதற்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. பேயத்தேவர் என்னும் கிழவர், வானம் பொய்த்த மண்ணோடு வாழ்நாள் முழுதும் போராடியவர், தண்ணீருக்காகவே ஏங்கியவர், தம் வீட்டை அந்தத் தண்ணீரே விழுங்க வரும்போது, எடுக்க முடிந்ததையாவது எடுத்துவிடத் துடித்துத் துடித்து மாள்கிறார். வையை நீர் பாய்ந்து விளைந்த சோற்றை உண்கிற ஒவ்வொருவரும் அந்தக் கிழவருக்குக் கடன்பட்டவர்கள் என்ற உணர்வை அரசாங்க அறிக்கை நமக்குத் தந்ததா? நாவல் தந்தது.

இப்போது, நம் வாசலுக்கு மிக அருகில் நிற்கும் நாவலுக்கு வருகிறேன். 2016-ல் வெளிவந்து 2019-ல் சாகித்திய அகாதமி விருது பெற்ற, சோ. தர்மனின் 'சூல்'. எட்டையபுரத்துக்கு அருகே அவர் பிறந்த உருளைக்குடிக் கண்மாயே அதன் கதாநாயகன். தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உண்டு என்பார்கள். அந்த எண்ணிக்கைக்குள் ஒளிந்திருக்கும் ஒரே ஒரு கண்மாயை எடுத்துக்கொண்டு, அதன் கரை, மடை, கலுங்கு, அதில் துள்ளும் மீன், கரையில் நிற்கும் மரம், மரத்தடியில் நிற்கும் தெய்வம், கண்மாயை நம்பி வாழும் சம்சாரிகள் என்று ஒவ்வொன்றையும் அவர் தொட்டுக் காட்டுகிறார்.

ஒரு கண்மாய் எப்படி உயிர்வாழ்ந்தது என்பதை இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும். கோடையில் ஊரே கூடித் தூர்வாரும். வாரிய வண்டலை வண்டியில் ஏற்றிப் புஞ்சைக்கு அடிக்கும். கண்மாயும் ஆழமாகும், நிலமும் வளமாகும். மழை வந்தால் வரத்துக்கால்வாய் வழியே நீர் இறங்கும். நிறைந்தபின் மிகுந்தது கலுங்கில் வழிந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை நீர் என்பதை நீர்பாய்ச்சி தீர்மானிப்பான். அவன் சொல்லை மிராசுதாரும் மீறமுடியாது. அவனுக்குக் களத்து மேட்டில் நெல் அளக்கப்படும். ஊரே கூடிக் கண்மாயைப் பேணிய இந்த வழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர். சட்டப் புத்தகத்தில் பிறந்த வழக்கமா அது? மனிதர்களின் மனச்சாட்சியில் பிறந்த வழக்கம் அது! அரசாங்கம் கண்மாயைத் தன் உடைமையாக எடுத்துக்கொண்ட நாளில், ஊரார் கண்மாயைத் தம் பொறுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டார்கள். முதலில் வற்றியது பொறுப்பு. அதன் பிறகே வற்றியது தண்ணீர். 'சூல்' நமக்குச் சொல்லும் சேதி இதுவே. 'சாயாவனம்' முதல் 'சூல்' வரை நம் நாவல்கள் அனைத்தும் சேர்ந்து சொல்லும் சேதியும் இதுவே.

இதைச் செட்டிநாட்டாருக்கு விரித்துரைக்க வேண்டுமா? வற்றாத ஆறில்லாத இந்தச் செம்மண் பூமியில், ஆயிரக்கணக்கான மாளிகைகளை எழுப்பிய முன்னோர்கள் தண்ணீருக்கு என்ன ஏற்பாடு செய்தார்கள்? நாட்டு ஓடு வேய்ந்த கூரையின் நான்கு சரிவுகளிலிருந்தும் மழைநீர் வளவின் முற்றத்துக்கு இறங்கும். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, அடுத்த மழையை அண்டாக்களில் பிடித்து, வெள்ளைத் துணியால் வடிகட்டி வைப்பார்கள். மிகுந்த நீர் தெருவின் வடிகால் வழியே, செம்புறாங்கல் படிகள் கட்டிய ஊரணிக்குப் போய்ச் சேரும். குடிக்கும் ஊரணி வேறு, குளிக்கும் ஊரணி வேறு. குடிநீர் ஊரணியில் கால் நனைக்கவும் ஒருவர் துணியமாட்டார். வீட்டைக் கட்டும்போதே ஊரணியை நினைத்துக் கட்டிய நகரம் இது. இன்று அந்த ஊரணிகள் பல எந்த நிலையில் இருக்கின்றன? வரத்து அடைபட்டு, குப்பை கொட்டப்பட்டு, சுற்றிலும் சீமைக்கருவேலம் மண்டி, தரிசும் தைலமரமுமாகப் போன நிலத்தின் நடுவே அவை கிடப்பதை நீங்களே அறிவீர்கள்.

ஆங்கிலத்தில் எழுதும் அமிதவ் கோஷ் 2016-ல் வெளியிட்ட ஒரு நூலில், பூமியின் வெப்பம் ஏறிக்கொண்டே போகும் இந்தப் பேராபத்தை இலக்கிய நாவல்கள் போதிய அளவு எதிர்கொள்ளவில்லை என்று வருந்தினார். அவர் கேள்வி நியாயமானது. ஆனால் தமிழ் நாவலைப் பொறுத்தவரை நான் அவருக்கு ஒரு விடை கூறுவேன். எங்கள் எழுத்தாளர்கள் பூமண்டலத்தைப் பற்றிப் பேசியது குறைவாக இருக்கலாம். ஒரு தோப்பை, ஒரு மரத்தை, ஒரு நதியை, ஒரு கண்மாயைப் பற்றி அவர்கள் பேசியது குறைவன்று. மனிதன் தன் ஊர்க் கண்மாயை நேசிக்காமல் பூமண்டலத்தை நேசிக்க முடியுமா?

கதை எழுதி என்ன பயன் என்று கேட்பாரும் உண்டு. அவர்களுக்கு ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கதையைச் சொல்வேன். தமிழக வனத்துறையில் கால்நடை மருத்துவராகப் பணியாற்றி 2002-ல் மறைந்த வி. கிருஷ்ணமூர்த்தி என்னும் உத்தமரை வைத்து எழுதப்பட்ட கதை அது. உல்லாசத்துக்கு வந்தவன் குடித்துவிட்டு எறிந்த ஒரு புட்டி காட்டில் உடைந்து கிடக்கிறது; யானையின் காலில் அந்தச் சில்லு ஏறுகிறது; சீழ் வைக்கிறது; நடக்க முடியாத யானை உணவின்றி, அணு அணுவாகச் சாகிறது. இந்தக் கதையை வாசகர்கள் தாங்களே பிரதி எடுத்து இலவசமாகக் கொடுத்தார்கள். வாசித்தவன் மறுபடி ஒரு புட்டியைக் காட்டில் எறிவானா? எறியும் கையை ஒரு கணம் நிறுத்துகிறதே, அதுதான் இலக்கியத்தின் சக்தி.

நம்பிக்கைக்கும் இங்கேயே சான்று இருக்கிறது. திருப்பத்தூருக்கு அருகே வேட்டங்குடியும் கொள்ளுக்குடிப்பட்டியும் இருக்கின்றன. அங்குள்ள கண்மாய்களை 1977-ல் அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பனிக்காலத்தில் நாரைகளும் கொக்குகளும் நீர்க்காகங்களும் வந்து கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும் அந்த மரங்களின் அருகே, தீபாவளியன்றும் ஊரார் வெடி வெடிப்பதில்லை. பறவை பயந்துவிடும் என்று, வருஷத்துக்கு ஒரு நாள் வரும் ஆசையைப் பிள்ளைகள் அடக்கிக்கொள்கிறார்கள்! தலைமுறைகளாகக் கைவிடாத அந்தப் பொறுப்பே பறவைகளை மீண்டும் மீண்டும் அழைத்துவருகிறது.

ஆகவே, அன்பர்களே, உங்களிடம் என் வேண்டுகோள்கள் எளியவை. ஆசிரியப் பெருமக்களே, 'சாயாவன'த்தையும் 'சூலை'யும் மாணவர்களின் கையில் கொடுங்கள். படித்தபின் அவர்களை அருகிலுள்ள கண்மாய்க்கு அழைத்துப்போய் மடை எது, கலுங்கு எது என்று காட்டுங்கள். பெரியோர்களே, உங்கள் ஊரணியை யார் வெட்டினார், யார் காவல் காத்தார், எந்த வருஷம் அது நிரம்பி வழிந்தது என்று உங்கள் நினைவில் இருப்பதையெல்லாம் பேரப்பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்; நாளை எழுதப்படவேண்டிய நாவலுக்கு அதுவே மூலதனம். வெளிநாடுகளில் பொருளீட்டும் பிள்ளைகளே, பூட்டிய வீட்டைப் புதுப்பிக்க வரும்போது ஊரணியின் வரத்துக்காலையும் ஒரு முறை போய்ப் பாருங்கள். அது அடைபட்டிருந்தால் முதல் செலவை அதற்குச் செய்யுங்கள். இளைஞர்களே, எழுதுங்கள், நீங்கள் பார்த்த மரத்தை, நீங்கள் குடித்த நீரை, உங்கள் ஆச்சி சமைத்த உணவுக்கு எந்த மண் ருசி தந்தது என்பதை எழுதுங்கள். வரவை எழுதப் பலர் இருக்கிறார்கள். எழுதப்படாத செலவை எழுத நீங்கள் வாருங்கள். அடுத்த மழைக்குள் உங்கள் ஊரணிக்கு நீர் வரும் வழியைத் திறந்துவையுங்கள்.